தகரக் கூரைக்குக் கீழே நகைச்சுவை நாடகம்: பீடோங் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், தகரக் கூரை போட்ட டேவானில் (பொது மண்டபத்தில்) நகைச்சுவை நாடகம் போடப்போகிறாய். நடிப்பைப் பற்றிக் கவலையில்லை. கடைசி வரிசைப் பாட்டிக்கு வசனம் காதில் விழுமா என்பதுதான் கேள்வி. அழுகைக் காட்சியில் பாதிச் சொல் போனாலும் முகம் காப்பாற்றும். சிரிப்புக் காட்சியில் ஒரு சொல் போனால் எல்லாம் போச்சு.

முதலில் நாள். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு காலை பிள்ளைகளுக்குப் பள்ளி. ஆகவே வெள்ளி இரவு தோது. தோட்டத்து ஓய்வு நாள் வேறாக இருக்கலாம், கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) கேட்டுக்கொள். பக்கத்தில் சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகைக் கூடம்) இருந்தால், இஷா என்னும் இரவுத் தொழுகைக்கான அழைப்பு ஏறக்குறைய 8.10-க்கும் 9-க்கும் நடுவில் வரும். அன்றைய நேரத்தைப் பார்த்து, அதற்குப் பிறகு திரையைத் தூக்கு. 75 நிமிடத்தில் முடித்துவிடு.

தகரத்தில் மழை இறங்கினால் எந்த மைக்கும் ஜெயிக்காது. ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள், அவற்றில் வை. மின்விசிறிகளைப் பார்வையாளர் பக்கம் திருப்பு. மேடைப் பக்கம் திரும்பினால் மைக்கில் காற்று 'புஸ்' என்று அடிக்கும். ஸ்பீக்கர் மேடை விளிம்புக்கு முன்னால் நிற்கட்டும். எல்லா மைக்கையும் திறந்து வைக்காதே. திறந்த மைக் இரட்டிப்பாகும்போதெல்லாம், 'கீ' என்று கத்துவதற்கு முன் ஏற்றக்கூடிய ஒலி 3 டெசிபெல் குறைகிறது. மேடையில் இல்லாதவரின் மைக்கை மூடுவதற்கென்றே, கையில் ஸ்கிரிப்டோடு ஒருவர் உட்காரட்டும்.

வசனத்தில் சிரிப்புச் சொல் கடைசியில் விழவேண்டும். நாலு நம்பர் லாட்டரியில் பணத்தை விட்டவனைப் பற்றி "சம்பளத்த நாலு நம்பர்ல போட்டுட்டான்" என்றால் 'போட்டுட்டான்' வந்து மூடிவிடுகிறது. "சம்பளம் முழுக்கப் போட்டுட்டான்... நாலு நம்பர்ல" என்று சொல்லிப் பார். அந்த நொடியில் மற்றவர் யாரும் துண்டைக்கூட உதறக்கூடாது. சனத்தின் கண் அந்த அசைவுக்குப் போய்விடும்.

பிறகு காத்திருப்பு. இங்கேதான் புதுக் குழுக்கள் சறுக்குகின்றன. சிரிப்பு ஏறும்போது பேசினால் வசனம் மூழ்கும். முழுக்க அடங்கும்வரை நின்றால் காட்சி செத்துவிடும். உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கியதும் பேசு. முதல் சொல் 'அட', 'இங்க பாரு' என்று இருக்கட்டும், அடிபட்டாலும் நஷ்டமில்லை. காத்திருக்கும் நேரத்தில் பொம்மையாக நிற்காமல், செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரட்டும். எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வராவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், அடுத்த வசனத்துக்கு ஓடு.

கதவுக்கு வருவோம். ஆள் மாறி ஆள் ஒளியும் கதையில் கதவும் ஒரு நடிகர். 3 மில்லிமீட்டர் பிளைவுட் தட்டியில் கதவை மாட்டி அறைந்தால் சுவரே ஆடும், சனம் சுவரைப் பார்த்துச் சிரிக்கும். கதவுச் சட்டத்தைத் தனியாக நிறுத்து. தட்டியோடு ஆணி அடிக்காதே, விரல் அளவு இடைவெளி விடு. பின்னால் இரண்டு முக்கோணத் தாங்கு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் உரச்சாக்கில் 15 கிலோ மணல் போடு. பக்கச் சுவர்க் கதவானால் கீல் மேடையின் பின்பக்க ஓரத்தில் இருந்து, கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். அப்போதுதான் உள்ளே வருகிறவரைக் கதவு மறைக்காது. மூடும் இடத்தில் பஞ்சுப் பட்டை ஒட்டிவிடு. 'படார்' சத்தம் வர, மேடைக்குப் பின்னால் ஒருவர் கனமான பலகையைத் தரையில் அறையட்டும்.

குடிக்கிற காட்சியில் சாராயத்துக்குப் பதில் ஆறிய தே ஓ (பால் சேர்க்காத தேநீர்), சீனி இல்லாமல். சிந்தினால் பிசுபிசுக்காது. மேடையில் முறுக்கு கூடவே கூடாது, தூள் தொண்டையில் ஏறும், வாழைப்பழம் போதும். வேட்டிக்கு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை, உள்ளே அரைக்கால் சட்டை. பொது நிகழ்ச்சி உரிமத்துக்குச் சுங்கைப் பட்டாணி நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடு.

ஒத்திகை கொஞ்ச நாள் ஓடியதும் குழுவில் யாருக்கும் சிரிப்பு வராது. பயந்துபோய் ஆளாளுக்கு முகத்தைக் கோணுவார்கள், புது வசனம் நுழைப்பார்கள். விடாதே. கதை தெரியாத பத்துப் பேரைக் கடைசி இரண்டு ஒத்திகைக்குக் கூப்பிடு, உறவுக்காரர் வேண்டாம். அவர்கள் சிரித்த இடங்களை ஸ்கிரிப்டில் பென்சிலால் குறித்து, காத்திருப்பை அங்கே மட்டும் வைத்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்