காய்ச்சாமல் பிழிந்த சாறு

மதுரை

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் மனம் நிறைந்தது. உன் முழங்கால் வலியைத்தான் தள்ளிப்போடுகிறாய். முதலில் மருத்துவரைப் பார்.

இளையவன் ஒடிசாவுக்கு வேலைக்குப் போகிறான், மலேரியாவுக்கு மூலிகைக் கஷாயம் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், சண்முகம். ஏன் என்று ஒரு மூலிகையின் கதையிலேயே சொல்கிறேன்.

நேற்று வாங்கிய மருக்கொழுந்து மேசைமேல் இருக்கிறது. ஒரு கிள்ளு கசக்கினால் அறையே மணக்கிறது. இதே பேரினத்துச் செடிதான் சீனர்களின் சிங்ஹாவ். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் என்ற சீன மருத்துவர் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு அதை எழுதிவைத்தார்: ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடிக்க வேண்டும்.

வியட்நாம் போர்க்காலத்தில் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, அந்தப் பணியில் தூ யூயூ என்ற பெண் ஆய்வாளர் 1969இல் சேர்ந்தார். அந்தச் செடியின் சாரம் ஒருமுறை பலித்தது, மறுமுறை பொய்த்தது. கோ ஹோங்கின் பழைய ஏட்டை மறுபடி புரட்டினார். ‘பிழிந்து’ என்றுதான் இருந்தது. காய்ச்சச் சொல்லவே இல்லை! சூட்டில் மருந்து கெடுகிறது என்று ஊகித்து, சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற திரவத்தில் சாரம் இறக்கினார். 1971 அக்டோபரில், 191ஆவது மாதிரி எலிகளின் இரத்தத்திலிருந்த மலேரியா ஒட்டுண்ணிகளை ஒன்றுவிடாமல் அழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் சக ஆய்வாளர்களுடன் தாமும் உட்கொண்டு பார்த்தார். நோபல் பரிசு 2015இல்தான் வந்தது. எனக்கு அந்தப் பரிசைவிட, தம் உடம்பில் சோதித்த துணிச்சல்தான் பெரிது.

அப்படிக் கிடைத்த ‘ஆர்ட்டிமிசினின்’ என்ற மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. இலைக்கு இலை அளவும் மாறும். கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று உன் வீட்டு அடுப்படியில் யார் அளப்பது? அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி அடுத்தமுறை அதற்கு அடங்காமல் போகலாம். கம்போடியா பக்கம் இந்த மருந்தின் வேகம் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. கிருமி இப்படிப் பழகிவிடக் கூடாது என்றுதான் இதைத் தனியாகக் கொடுக்காமல் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

கொசுவலை கொடுத்தனுப்பு. காய்ச்சல் கண்டால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்யச் சொல். மாத்திரை கொடுத்தால், காய்ச்சல் விட்டாலும் கடைசி மாத்திரை வரை போடச் சொல்.

கிளம்பும் தேதியை எழுது. வழியனுப்ப நானும் வருகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்