கணவர் வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து என் பெயரையும் மகள் பெயரையும் நீக்கித் தனி அட்டை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரர் (பெயர், முகவரி, கைபேசி எண், அட்டை எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நாள்: 10.11.2025, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள்

பொருள்: குடும்ப அட்டை – கணவரால் கைவிடப்பட்ட பெண் – பெயர் நீக்கம் மற்றும் புதிய அட்டை – மீண்டும் கோருவது தொடர்பாக.

பார்வை: வட்ட வழங்கல் அலுவலகத்திலும், இரண்டாம் சனிக்கிழமை முகாம்களிலும், 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்புப் பிரிவிலும் நான் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். ஓடைப்பாலம் உடைந்தபோது தாங்கள் நேரில் வந்து பார்த்தீர்களே, அந்த ஊர்தான் எங்கள் ஊர். பாலம் தாண்டியதும் பூட்டிக் கிடக்கும் பழைய தீப்பெட்டி ஆபீஸ் தங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு எதிர்ச் சந்தில் என் அம்மா வீட்டை ஒட்டித் தகரம் போட்ட சாய்ப்பில் நானும் நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளும் குடியிருக்கிறோம். நான் பக்கத்து ஊர் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் வேலை பார்க்கிறேன். அடைக்கிற கணக்குக்குத்தான் கூலி. ஒரு நாள் மனு கொடுக்க வந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது.

என் கணவர் 2019-இல் திருப்பூருக்கு வேலைக்கென்று போனார். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. அதன்பிறகு பணமும் வந்ததில்லை, ஒரு போன்கூட வந்ததில்லை. கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரித்து இதை எழுதியும் கொடுத்திருக்கிறார். கணவரைக் கூப்பிட்டுச் சேர்த்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்பது ஒரு அட்டைதான். விவரத்தைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

1. எங்கள் பெயர்கள் கணவர் பெயரில் உள்ள முன்னுரிமை அட்டையில் இருக்கின்றன. அட்டையில் மொத்தம் நான்கு பேர்: அவர், அவருடைய அம்மா, நான், என் மகள். அட்டை என் மாமியார் கையில்.

2. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன்படி முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. அதாவது எனக்கும் மகளுக்குமாக 10 கிலோ அரிசி மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போகிறது. சாப்பிடுகிற வாய் இங்கே இருக்கிறது, அரிசி அங்கே இறங்குகிறது. எந்தக் கடையிலும் விரல் வைத்து வாங்கலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சரி என்று எங்கள் ஊர்க் கடையில் போய் விரல் வைத்தேன். இந்த மாதம் வாங்கியாகிவிட்டது என்று மிஷின் சொன்னது. அடுத்த மாதம் கடை திறந்த முதல் நாளே வேலையை விட்டுவிட்டுப் போய் வாங்கினேன். வாங்கிய செய்தி கணவரின் கைபேசிக்குப் போயிருக்கிறது. அவர் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் மாமியார் பஸ் ஏறி வந்து, தெருவில் நின்று, என் மகன் பெயரில் இருக்கிற அரிசியைத் திருடித் தின்கிறாள் என்று கத்தினார். மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டியபடி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அளந்து வாங்கியதில் பாதியைச் சாக்கோடு கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு நான் அந்தக் கடை வரிசையில் நிற்பதில்லை. வெளியில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். மாதக் கடைசியில் அண்ணி ஒரு படி அளந்து கொடுப்பார். அவரும் முகம் சுளிக்காமல்தான் கொடுக்கிறார், ஆனாலும் எத்தனை மாதம் அம்மா நான் கை நீட்டுவது?

3. பெயர் நீக்கத்துக்கு இ-சேவை மையத்துக்குப் போனேன். அட்டையில் பதிவான கைபேசிக்கு ஒரு எண் வரும், அதைச் சொன்னால்தான் உள்ளே போக முடியும் என்றார்கள். பதிவாகியிருப்பது கணவருடைய கைபேசி. அவர் என் எண்ணை எடுப்பதே இல்லை. மையத்துப் பையன் தன் போனிலிருந்து பேசிப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னதும் வைத்துவிட்டார். வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுத்தாகவே கொடுத்தேன். "குடும்பத் தலைவர் கையெழுத்து வாங்கிட்டு வாம்மா" என்றார்கள். விட்டுவிட்டுப் போனவரிடம், விட்டுவிட்டுப் போனதற்குக் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள்.

4. கணவர் சம்மதம் தேவையில்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. கணவரைப் பிரிந்து வாழும் பெண்களுக்கு நீதிமன்ற விவாகரத்துச் சான்று கேட்காமல், நேரில் விசாரித்து, தனியாகச் சமைத்து வாழ்வது உண்மையென்றால் தனி அட்டை தரலாம் என்றும், கணவர் மறுத்தாலும் பெயரை அலுவலரே நீக்கலாம் என்றும் 2021-இல் உணவு வழங்கல் துறை அறிவித்தது. செய்தித்தாளில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன், நகல் இணைப்பில். அலுவலகத்தில் காட்டினேன். "பேப்பர்ல ஆயிரம் வரும், எங்களுக்கு ஆர்டர் வரணும்" என்றார்கள். அரசு உத்தரவை அரசு அலுவலகத்துக்கு நான்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமா?

5. தள ஆய்வுக்கு முதலில் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். "வீடு பூட்டப்பட்டிருந்தது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். வேறொரு முறை வந்தவர் சாய்ப்புக்குள் எட்டிப் பார்த்து சிலிண்டர் எங்கே என்றார். விறகடுப்பைக் காட்டினேன். கேஸ் இணைப்பு இருந்தால்தான் தனிச் சமையல் என்று எழுத முடியும் என்றார். கேஸ் ஏஜென்சியில் கேட்டால் தனிக் குடும்ப அட்டை இருந்தால்தான் இணைப்பு என்கிறார்கள். அடுப்பில் அப்போது உலை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சட்டியில் புளிக்குழம்பு. அண்ணன் வீட்டு அடுப்பு சுவருக்கு அந்தப்பக்கம் தனியாக இருக்கிறது. இதையெல்லாம் பார்த்த பிறகும் அவர் எழுதியது "ஒரே கதவு எண், ஏற்கனவே ஒரு அட்டை உள்ளது" என்று. சரி, அண்ணன் அட்டையிலாவது சேருங்கள் என்றால் முதலில் பழைய அட்டையில் பெயர் நீக்கி வரவேண்டுமாம். அப்புறம் மறுபடி கணவர் கைபேசி, மறுபடி அந்த எண்.

6. இந்த வாரம் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவம் கொடுக்க வந்தவர் என் வீட்டை விசாரித்து, எனக்காகக் காத்திருந்து, என் பெயர் அச்சிட்ட படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆதாரிலும் இந்த முகவரிதான். ஓட்டு கேட்க நான் இங்கே வசிக்கிறேன், அரிசி கேட்டால் மட்டும் அங்கே வசிக்கிறேனா?

7. விரல்ரேகை சரிபார்ப்பு என்று கடையில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். வைக்காவிட்டால் பெயர் நீங்கிவிடும் என்று எச்சரித்தார்கள். அப்படியாவது நீங்கட்டும் என்று நானும் மகளும் போகவேயில்லை. அதுவும் நீங்கவில்லை.

8. மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய். அட்டையில் ஆண் குடும்பத் தலைவராக இருந்தால் அவர் மனைவியைக் குடும்பத் தலைவியாகக் கருத வேண்டும் என்பது விதி. அவர் மனைவி நான்தான். ஆனால் ஒரு அட்டைக்கு ஒருவர்தான் என்பதால் அந்தத் தொகையும் என் மாமியார் கணக்குக்குப் போகிறது. வயதானவர், வாங்கட்டும். நான் அதைப் பிடுங்க வரவில்லை. தனி அட்டை இருந்தால் என் தலைக்கு நானே தலைவி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணையே குடும்பத் தலைவியாக அட்டையில் குறிக்கச் சொல்கிறது. எந்த அலுவலகத்திலும் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. எல்லாரும் கேட்டது "வீட்டுக்காரர் எங்கே" என்றுதான்.

9. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் குடும்ப அட்டை. கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகைக்குப் போனால் அதற்கும் இந்த முகவரியில் குடும்ப அட்டை. வருமானச் சான்றுக்கும் அதே கதை.

அட்டை கேட்காத இடமும் இரண்டு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் சும்மா ஏறிப் போய் வருகிறேன், யார் மனைவி என்று கண்டக்டர் கேட்பதில்லை. என் மகள் பள்ளியில் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறாள், அப்பா எங்கே என்று அங்கே கேட்டு பொங்கல் வைப்பதில்லை. அந்த இரண்டு திட்டத்தையும் ஆளைப் பார்த்துக் கொடுக்க முடிகிறது என்றால் அரிசியை ஏன் முடியவில்லை?

10. விவாகரத்து வாங்கி வா என்கிறார்கள். இலவச சட்ட உதவி இருப்பது தெரியும், போய் விசாரித்தும் வந்தேன். எதிர்த்தரப்பு முகவரி கேட்டார்கள். திருப்பூரில் எந்தக் காலனி என்று எனக்குத் தெரியாது. ஊர் முகவரிக்கு அனுப்பினால் மாமியார் வாங்கமாட்டார். இப்படியே வாய்தா ஓடும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். அதுவரை என் மகள் எதைச் சாப்பிடுவாள்? விவாகரத்து வாங்குவதா வேண்டாமா என்பது என் சொந்த விஷயம். நிதானமாக யோசித்துச் செய்கிறேன். அரிசிக்கு அதை ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைத்தால் அது சரிதான் அம்மா.

11. 2014-இல் என் கல்யாணத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தில் அரசு 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் கொடுத்தது. பத்தாம் வகுப்பு முடித்தவள் என்பதால் கிடைத்தது. அப்போது இதே வருவாய்த் துறை ஆட்கள் வீடு தேடி வந்து விசாரித்தார்கள், மாப்பிள்ளை யார், கல்யாணத் தேதி என்ன, எல்லாம் கேட்டார்கள். அன்றைக்குக் கேட்டவர்களுக்கு இன்றைக்கு வந்து, அந்த மாப்பிள்ளை எங்கே போனார் என்று கேட்கவும் ஒரு கடமை இருக்கிறதா இல்லையா? தங்கம் இப்போது அடகுக் கடையில் இருக்கிறது. அதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

12. முந்தைய மனுக்களுக்கு வந்த பதில்: "தங்கள் மனு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டு முடித்து வைக்கப்பட்டது." சம்பந்தப்பட்ட அலுவலர் அதே வட்ட வழங்கல் அலுவலகம்தான். எதைப் பற்றி மனு கொடுத்தேனோ அந்த மேசைக்கே மனு திரும்பிப் போய், அங்கேயே முடிந்தும் விடுகிறது. எனக்கு ஒன்றும் முடியவில்லை. 1967 எண்ணிலும் சொல்லிப் பார்த்தாயிற்று. தயவுசெய்து இந்த மனுவையும் அங்கேயே அனுப்பிவிடாதீர்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால், தங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

ஆகவே அம்மா, என் பெயரையும் என் மகள் பெயரையும் கணவரின் அட்டையிலிருந்து, அவர் கையெழுத்தும் அவர் கைபேசி எண்ணும் கேட்காமல் நீக்கித் தர வேண்டும். விறகடுப்பையும் அடுப்பாகக் கணக்கில் எடுத்து, எங்கள் இருவருக்கும் தனி முன்னுரிமை அட்டை தர உத்தரவிட வேண்டும். எங்கள் சந்தில் மட்டும் என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள், அதனால் அவர்கள் பெயரை நான் எழுதவில்லை. எனக்குக் கிடைத்தால் அவர்களும் வருவார்கள்.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: பெயர் நீக்கம், தனி அட்டை. வேறொன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

குறிப்பு: தள ஆய்வுக்கு வருபவர்கள் மாலை 6 மணிக்கு மேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் வீட்டில் இருப்பேன். மற்ற நேரத்தில் வந்தால் பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டுப் போகாமல், அடுத்த வீட்டில் என் அம்மா இருப்பார், சாவி அவரிடம்தான் இருக்கிறது. திறந்து பார்க்கச் சொல்லவும்.