இந்த வாரம்: பழைய கேம்களுக்கு ரசிகர்கள் செய்த மரியாதை

வணக்கம் நண்பர்களே,

பழைய வீடியோ கேம்களை நினைத்து ரசிகர்கள் உருவாக்கியவற்றை இந்த வாரம் பகிர்வோம். எனக்கு மிகவும் பிடித்ததோடு நானே தொடங்கி வைக்கிறேன்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கிரீன் பில்டிங் என்று ஒரு உயரமான கட்டடம். 2012 ஏப்ரலில் ஒரு இரவு, அங்குள்ள மாணவர்கள் அதன் 153 ஜன்னல்களில் வண்ண எல்இடி விளக்குகளைப் பொருத்தி, முகப்பு முழுவதையும் டெட்ரிஸ் (மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கேம்) திரையாக்கிவிட்டார்கள். அகலத்துக்கு 9 ஜன்னல், உயரத்துக்கு 17. கீழே வைத்திருந்த மேடையில் யார் வேண்டுமானாலும் நின்று விளையாடலாம். அடுத்த கட்டம் போனால் நிறங்கள் வெளிறும். அதற்கடுத்த கட்டத்தில் மாறிக்கொண்டே இருக்கும். தோற்றால் கட்டைகள் எல்லாம் சரசரவென்று கட்டடத்தின் அடிவரை சரியும். அந்தக் காட்சிக்காகவே தோற்கலாம்!

1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் டெட்ரிஸை எழுதிய கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளைத்தான் கட்டைகளாக வைத்தார். அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது.

அப்புறம், ஹாஃப் லைஃப் என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமை ரசிகர்களே புதிதாகக் கட்டிய பிளாக் மெசாவும் உண்டு. 2020இல்தான் முழுமையானது. விளையாடியவர்கள் எழுதுங்கள்.

ஓவியம், பின்னல், மணிவேலை, இசை எதுவானாலும் ஞாயிறு இரவுக்குள் போடுங்கள். அடுத்தவர் படைப்பு என்றால் செய்தவர் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். குழந்தைகள் வரைந்ததையும் தயங்காமல் அனுப்புங்கள்.