மத்தியகாலம் என்றாலே நரக பயம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த மத்தியகால ஐரோப்பா பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். திருச்சபை நரகத்தைக் காட்டி மிரட்டியே மக்களை வைத்திருந்தது, பெண்கள் வாயே திறக்க முடியவில்லை என்று ஆயிரம் வருடத்தை ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள். மிரட்டல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் பதிதர்கள், அதாவது திருச்சபையின் போதனைக்கு மாறானவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை உயிரோடு எரிக்க 1401-இல் சட்டமே போட்டார்கள். ஆனால் அதே காலத்தில், அதே நாட்டில், நார்விச் நகரத்தில் ஒரு பெண், கடவுளிடம் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை, கோபமெல்லாம் மனிதர் பக்கம்தான் என்று எழுதி வைத்தாரே, அவரை எப்படி விட்டீர்கள்?

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று உறுதியாகத் தெரியாது. புனித ஜூலியன் கோயிலை ஒட்டிய அறையில் ஜெபத்துக்காகத் தாமே விரும்பி அடைபட்டு வாழ்ந்ததால் நார்விச் ஜூலியன் என்கிறோம். அடைபடுவது என்றால் சும்மா இல்லை. உள்ளே போகிறவருக்கு இறந்தவர்களுக்கான மன்றாட்டுகளைச் சொல்லித்தான் கதவை அடைப்பார்கள். அதன்பின் சாகும்வரை வெளியே வரக்கூடாது. இப்படிப்பட்ட அறைகளுக்கு வழக்கமாக மூன்று ஜன்னல் இருக்கும்: திருப்பலி காண ஒன்று, பணிப்பெண் சாப்பாடு கொடுக்க ஒன்று, ஆலோசனை கேட்டு வருகிறவர்களுடன் பேச, திரை போட்டபடி இன்னொன்று. 13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பெண்களுக்காக எழுதப்பட்ட ஒரு வழிகாட்டி நூல், பூனையைத் தவிர வேறு பிராணி வளர்க்க வேண்டாம் என்கிறது. பூனைக்கு இடம் விட்டிருக்கிறார்களே என்று எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சந்தோஷம்.

1373 மே மாதம், முப்பது வயதில், சாகக் கிடந்தபோதுதான் அவருக்குக் காட்சிகள் வந்தன. சாகிறவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப் பூசுதல் எல்லாம் முடிந்து, குருவானவர் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தை முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார், பக்கத்தில் நின்ற அம்மா பிள்ளை போய்விட்டாள் என்று நினைத்து கண்ணை மூட கையை நீட்டுகிறார். பதினாறு காட்சிகள். ஒன்றில், உள்ளங்கையில் கொட்டை அளவுக்கு ஒரு சின்ன உருண்டை. இது என்ன என்று யோசிக்கிறார், படைக்கப்பட்டது அனைத்தும் இதுதான் என்று பதில் வருகிறது. இவ்வளவு சிறியது நொறுங்கிப் போகாமல் எப்படி நிற்கிறது என்றால், கடவுள் நேசிப்பதால் நிற்கிறது.

எல்லாம் நலமாகும் என்ற அவருடைய வாசகத்தை இப்போது வாழ்த்து அட்டையில் போடுகிறார்கள். அது அவ்வளவு லேசாக வந்த ஆறுதல் இல்லை, ஐயா. 1349-இல் கொள்ளைநோய் நார்விச்சைச் சூறையாடியபோது அவர் ஆறு வயதுப் பிள்ளை. அப்புறம் 1361-இல் மறுபடி, 1369-இல் மறுபடி. பாவத்தைக் கடவுள் ஏன் ஆரம்பத்திலேயே தடுக்கவில்லை என்று அவர் கேட்டதற்குத்தான் அந்தப் பதில் வருகிறது, அதற்கும் அவர் அடங்கவில்லை, இவ்வளவு கேடு நடந்த பிறகு எப்படி நலமாகும் என்று திருப்பிக் கேட்கிறார். திருச்சபை போதிப்பதை நம்புகிறேன் என்கிறார், கடவுளிடம் கோபத்தைக் காணவில்லை என்றும் சொல்கிறார், இரண்டில் எதையும் விடாமல் ஏறக்குறைய இருபது வருடம் யோசித்து, முதலில் சுருக்கமாக எழுதியதை விரித்து எழுதுகிறார். இயேசுவைத் தாய் என்கிறார்: தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள், இவர் நற்கருணையில் தம்மையே ஊட்டுகிறார். அந்த எண்ணம் அவருக்கு முன்பே, 11-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஆன்செல்மின் மன்றாட்டில் இருக்கிறது, ஆனால் இவ்வளவு ஆழமாக யோசித்தவர் இவர்தான் என்பது என் எண்ணம். அதுவும் கற்றவர்களின் லத்தீனில் இல்லை, ஊர் பேசிய ஆங்கிலத்தில். ஒரு பெண் எழுதியது என்று நிச்சயமாகச் சொல்லத்தக்க, நமக்குக் கிடைத்திருக்கும் ஆங்கில நூல்களில் இதுவே மிகப் பழையது.

வாயில்லாத பெண் என்றால், 1413 வாக்கில் மார்ஜரி கெம்ப் என்ற இன்னொரு பெண் லின் நகரத்திலிருந்து வந்து, தன் காட்சிகள் உண்மைதானா என்று இவரிடம் ஏன் கேட்க வேண்டும்? உயிலில் இவருக்குப் பணம் எழுதி வைத்த நார்விச்காரர்கள் யாரை நினைத்து எழுதினார்கள்?

அந்த விரிவான நூல் முழுதாக நம் கைக்கு வந்ததே, 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போய்த் தங்கிய ஆங்கிலேய ஆசீர்வாதப்பர் (பெனடிக்டைன்) சபைக் கன்னியர்கள் கையால் படியெடுத்துக் காப்பாற்றியதால்தான். அச்சில் வந்தது 1670-இல்.

என் அம்மா இறந்துபோன வருடம் நான் இந்த நூலைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆங்கிலிக்கன் சபை மே 8 அன்று ஜூலியனை நினைவுகூர்கிறது. அந்த வார இணைப்பில் இவரைப் பற்றி முழுப் பக்கம் இல்லாவிட்டாலும் அரைப் பக்கமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி