ஆயில் கூலர் கசிவைக் கண்டுபிடிக்காமல் இரண்டு முறை பழுது பார்த்தது பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: பிக்கப் வண்டியில் என்ஜின் ஆயில் கூலர் கசிவு – தவறான பழுதுபார்ப்பு, வாரண்டி மறுப்பு – தொடர்பாக.

ஐயா,

போன வாரம் உங்களிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டுவிட்டதாம். அதைப் படித்தபோது நான் வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பானெட் திறந்திருந்தது. கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், இருக்கும் டேங்கில் பழுப்பு நிறத்தில் களிம்பு மாதிரி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் சொன்னால் புகார் எண் தருகிறீர்கள், அப்புறம் அந்த எண்ணை நீங்களே மூடிவிடுகிறீர்கள். அதனால்தான் இப்போது எழுத்தில் தருகிறேன்.

உங்கள் நிறுவனத்தின் டீசல் பிக்கப் வண்டியை வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. இதை வைத்துத்தான் பிழைப்பு. சுமை ஏற்றாத நாள் அபூர்வம். முதல் நாளிலிருந்து எல்லா சர்வீஸும் உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில்தான் செய்திருக்கிறேன். ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாமே அங்கே மாற்றியவை. ஜாப் கார்டுகள் ஒன்றுவிடாமல் என்னிடம் உள்ளன. வாரண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை. வண்டி இன்னும் எண்பதாயிரத்தைத் தொடவில்லை.

71,400 கிலோமீட்டரில் தொடங்கியது இது. காலையில் வண்டியை எடுக்கும்போது தரையில் உள்ளங்கை அளவு ஆயில் கறை. இரவில் அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே ஏழெட்டுச் சொட்டு. அட்டையைப் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். சர்வீஸ் அட்வைசர் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார், ஐந்து நிமிடம்கூட இருக்காது. "கிராங்க் பின் ஆயில் சீல் போயிருக்கு சார்" என்றார். என்ஜினின் சுழலும் தண்டுக்குப் பின்பக்கம் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம் அது. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். நான்கு நாள் ஆயிற்று. சீல் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்று முழுத் தொகையையும் என்னிடம் வாங்கினார்கள். சொட்டு விழுந்த இடத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. நான் மெக்கானிக் இல்லை. அவர்தான் விஷயம் தெரிந்த ஆள்.

மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதே இடத்தில் அதே சொட்டு. திரும்பக் கொண்டுபோனேன். இந்த முறை டேப்பெட் கவர் பேக்கிங், அதாவது என்ஜின் மேல்மூடியின் அடைப்பு, என்றார்கள். "என்ஜினைக் கழுவி, காயவைத்து, ஓட்டிப் பார்த்து எங்கே ஊறுதுன்னு பார்க்கலாமே" என்று கேட்டேன். அது தேவையில்லை சார், அனுபவத்தில் சொல்கிறோம் என்று பதில் வந்தது. பேக்கிங் மாற்றினார்கள். பில் போட்டார்கள். ஜாப் கார்டில் எழுதியிருப்பது மொத்தமே நான்கு சொல்: "ஆயில் லீக் சரி செய்யப்பட்டது". எந்தப் பரிசோதனை செய்தார்கள், எதைப் பார்த்து முடிவுக்கு வந்தார்கள் என்று ஒரு வரி கிடையாது.

76,000 தாண்டியதும் விவகாரம் வேறு மாதிரி ஆனது. சுமையோடு ஒரு மேடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட மேலே போனது. ஓரமாக நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்தேன். உள்ளே பழுப்புக் களிம்பு. மூடியின் அடியிலும் அதே. சர்வீஸ் சென்டரில் இதைப் பார்த்த மாத்திரத்தில் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டை நீட்டினார்கள். வண்டியின் பாதி விலைக்கு வேலை இருக்கும் போலிருந்தது. கையெழுத்துப் போட மறுத்து வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வாகனத்தில் வெளி ஆள் கை வைத்ததாக நாளைக்கு நீங்கள் சொல்வீர்கள் என்பதால், அதற்கு அப்புறம் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர். முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் சுத்தமாக இருந்தது, கூலன்ட் கலந்தால் வரும் பால் நிறம் இல்லை. அடுத்து கூலன்ட் டேங்க் வாயில் ஒரு குழாயை வைத்து, நீலத் திரவம் ஒன்றின் வழியே அங்கிருந்த காற்றை உறிஞ்சினார். ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்தால் அந்த நீலம் வேறு நிறமாக மாற வேண்டுமாம். மாறவே இல்லை. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல்தான் உங்கள் ஆட்கள் ஹெட்டை இறக்கத் தயாரானார்கள்.

அப்படியானால் ஆயில் எப்படி கூலன்ட்டுக்குள் போனது? அவர் சொன்ன விளக்கம் எனக்குப் புரிந்தது, உங்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும். என்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் 3 முதல் 5 பார் வரை இருக்கும். கூலன்ட் பக்கம் சுமார் 1 பார் சொச்சம்தான். இரண்டுக்கும் நடுவே எங்கேயாவது ஓட்டை விழுந்தால் அழுத்தம் கூடின ஆயில்தான் கூலன்ட்டுக்குள் பாயும். அந்த இரண்டும் தகடு தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடம் ஆயில் கூலர். மெல்லிய தகடுகளை அடுக்கி, ஒரு அடுக்கில் ஆயில், அடுத்த அடுக்கில் கூலன்ட் என்று ஓடவிட்டு, ஆயிலின் சூட்டைக் கூலன்ட் வாங்கிக்கொள்ளும்படி செய்த சாமான். என்ஜினை அணைத்ததும் கதை தலைகீழாகும். ஆயில் அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், சூடான கூலன்ட்டின் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் வர வாய்ப்பு உண்டு. பேரிங்குகளுக்கு ஆபத்து அங்கேதான். இதைப் பின்னால் மறுபடி சொல்கிறேன்.

அவர் என்ஜினைக் கழுவினார். ஆயிலில் ஒளிரும் சாயம் கொஞ்சம் ஊற்றி, வண்டியை அரை மணி நேரம் ஓட்டச் சொன்னார். திரும்பி வந்ததும் புற ஊதா விளக்கைப் பிடித்துக் காட்டினார். உங்கள் என்ஜினில் ஆயில் ஃபில்டர் மாட்டும் இடத்துக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அந்த விளிம்பிலிருந்து பச்சை மஞ்சளாக ஒரு கோடு கிளம்பி, பிளாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போய், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டாக நின்றது. டேப்பெட் கவர் பக்கம் ஒரு பொட்டு ஒளி இல்லை. "சொட்டுற இடத்தைப் பார்க்காதே தம்பி, நனைஞ்சிருக்கிறதுல எது ஒசரமோ அங்கே பாரு" என்றார். ஆயில் கீழே இறங்கும், ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் என் வண்டியின் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டினீர்கள்.

கூலரைக் கழற்றி, வாய்களை அடைத்து, காற்று ஏற்றித் தண்ணீருக்குள் முக்கினார். குமிழி வரிசையாக வந்தது. வெளிப்பக்க பேக்கிங் ரப்பர் இறுகி, நகம் வைத்தால் ஒடிகிற நிலையில் இருந்தது. ஆக, வெளியே ஒழுகியது பேக்கிங் வழியாக, உள்ளே கலந்தது தகடு வழியாக. ஒரே சாமானில் இரண்டு பழுது. முதல் நாளே பார்த்திருந்தால் பேக்கிங்கோடு போயிருக்கலாம் என்று அவர் சொன்னார், அதைச் சத்தியம் செய்து சொல்ல அவராலும் முடியாது. ஆனால் 71,400-லேயே கூலரைக் கழற்றிச் சோதித்திருந்தால் கூலன்ட் முழுக்க ஆயில் ஆகும்வரை நான் ஓட்டியிருக்க மாட்டேன்.

வாரண்டி இருக்கிறதே என்று கழற்றிய கூலரைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியையும் இழுத்துக்கொண்டு மறுபடி உங்களிடம்தான் வந்தேன். வாரண்டி மறுக்கப்பட்டது. காரணத்தை அப்படியே தருகிறேன்: கூலன்ட் மாசடைந்துள்ளது, எனவே வாடிக்கையாளர் தரமற்ற கூலன்ட் பயன்படுத்தியுள்ளார். ஐயா, கூலன்ட்டில் கிடந்தது உங்கள் ஆயில். கூலர் உடைந்ததால் கூலன்ட் கெட்டது. அந்தக் கெட்ட கூலன்ட்டைக் காட்டி, அதனால்தான் கூலர் உடைந்தது என்கிறீர்கள். பழைய கூலன்ட்டில் துருத்தடுப்புச் சத்து தீர்ந்துபோனால் அலுமினியத் தகடு அரிக்கும் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என் வண்டியில் கடைசியாக கூலன்ட் மாற்றியது உங்கள் சர்வீஸ் சென்டர், 60,000 கிலோமீட்டர் சர்வீஸில். ஜாப் கார்டு நகல் இணைத்திருக்கிறேன். தரம் குறைந்தது என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் உங்கள் ஸ்டோர்.

வேலைக்குப் போக வண்டி வேண்டுமே என்று காசு கொடுத்துப் புதுக் கூலர் போடச் சொன்னேன். போட்டார்கள். சிஸ்டத்தை ஃப்ளஷ் செய்ததாக பில்லில் இருக்கிறது. எதை வைத்து என்று கேட்டேன். தண்ணீர், ஒரு முறை. ஆயில் பிடித்த பாத்திரத்தைத் தண்ணீரில் மட்டும் கழுவி யாராவது வைப்பார்களா? ரேடியேட்டர் குழல்களிலும் கேபின் ஹீட்டர் கோரிலும் ஒட்டிய களிம்பு அப்படியே இருந்திருக்கிறது. 600 கிலோமீட்டரில் டேங்கில் மறுபடி பழுப்புப் படலம். கீழ் ஹோஸைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, கிளாம்ப்புக்கு அருகில் புடைத்திருக்கிறது. கூலன்ட் ஹோஸ் ரப்பர் ஆயிலைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். அந்த ஹோஸை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதைத் தொலைபேசியில் சொன்னபோது, புதுக் கூலரும் போயிருக்கலாம் சார், கொண்டுவாங்க, மதிப்பீடு தருகிறோம் என்றார்கள். மறுபடியும் பார்க்காமலேயே.

சாமான் பழுதாவது எனக்குப் புதிதல்ல. சூடும் குளிருமாக மாறி மாறி வரும் இடத்தில் ரப்பர் இறுகத்தான் செய்யும். சுமை வண்டியில் இன்னும் சீக்கிரம் இறுகும். கூலர் போனதற்காக மட்டும் என்றால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். பார்க்காமல் ஊகித்து, ஊகத்துக்கெல்லாம் என்னிடம் காசு வாங்கினீர்களே, என் புகார் அதுதான்.

எனவே நான் கேட்பது: ஆயில் சீலுக்கும் டேப்பெட் கவர் பேக்கிங்குக்கும் நான் கட்டிய தொகையைக் கூலியோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும், இரண்டுமே பழுதாகாத சாமான்கள். கூலரும் அதை மாற்றிய கூலியும் வாரண்டியில் ஏற்கப்பட வேண்டும். கூலன்ட் சிஸ்டத்தை ஆயில் பிசுக்கை வெட்டும் கரைசல் போட்டு, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, வடிகிற நீர் தெளியும்வரை எத்தனை முறை ஆனாலும் கழுவ வேண்டும். ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், டேங்க் மூடி மூன்றும் புதிதாக வேண்டும். முன்பு சொன்ன பேரிங் விஷயம் இருப்பதால், என்ஜின் ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் என்ற ரசாயனம் கலந்திருக்கிறதா என்று பார்த்து முடிவை எனக்குத் தர வேண்டும். டிப்ஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதோடு நான் நிம்மதியாக இருக்கத் தயாரில்லை. புதுக் கூலரும் கசிகிறதா இல்லையா என்பதை அழுத்தச் சோதனை செய்து, எத்தனை பாரில் எத்தனை நிமிடம் நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

வண்டி நின்ற நாட்கள் இதுவரை மொத்தம் 23. அந்த வருமான இழப்பைப் பற்றி உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

கழற்றிய பழைய கூலர் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் பொறியாளர் வந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், என் எதிரிலேயே தண்ணீரில் முக்கிச் சோதிக்கலாம். எழுத்தில் ரசீது இல்லாமல் கொடுக்க மாட்டேன். 15 நாளில் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையத்தில் மனு கொடுப்பேன், சாயம் ஒளிரும் படங்களும் அட்டைப் படமும் அதில் சேரும்.

படலம் தெரிந்த நாளிலிருந்து வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. அதனால் ஓட்டிக்கொண்டு வரச் சொல்லி அழைக்க வேண்டாம், இழுத்துப்போக வண்டி அனுப்புங்கள். இந்தப் புகார் தீர்ந்ததா இல்லையா என்று முதலில் என்னிடம் கேட்டுவிட்டு அப்புறம் குறுஞ்செய்தி அனுப்பவும்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்

இணைப்பு: எல்லா சர்வீஸ் ஜாப் கார்டுகளின் நகல்கள், மூன்று பழுதுபார்ப்பு பில்கள், வாரண்டி மறுப்புக் கடிதம், கூலர் சோதனைப் படங்கள், நான் கையெழுத்துப் போடாத ஹெட் கேஸ்கெட் மதிப்பீடு.