வணிகவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் வணிகவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பி.காம். மாணவர்களுக்கு நிதி மேலாண்மை எடுக்கும் ஆசிரியர் நான். முதல் அலகை வரையறைகளிலும் நிதி மேலாளரின் பணிகளிலும் தொடங்குகிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். இன்று கையில் வரும் ரூபாய்க்கு நாளை வரும் ரூபாயைவிட மதிப்பு அதிகம் என்ற பணத்தின் கால மதிப்பு, அதற்கப்புறம் ஒரு சூத்திரமாக வந்து போகிறது. இந்த வரிசையை மாற்றுங்கள்.

வகுப்பில் நான் கேட்கும் கணக்கு இது. ஒரு லட்சம் ரூபாய் கடன், 12 சதவீதம் பிளாட் வட்டி, 12 மாதத் தவணை. மாதம் 9,333 ரூபாய். வட்டி எவ்வளவு என்றால், 12 என்றுதான் பதில் வரும். ஆனால் ஆறு தவணை கட்டியதும் அசலில் ஏறக்குறைய பாதிதான் பாக்கி. வட்டியோ கடைசி வரை முழு லட்சத்துக்கும் போகிறது. குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2024 அக்டோபர் முதல் தனிநபர்கள் வாங்கும் சில்லறைக் கடன்களுக்கு இந்த உண்மையான விகிதத்தைக் காட்டும் விவரத் தாளைத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாமல் ஒரு பி.காம். பட்டதாரி வெளியே போகலாமா?

ஏலச் சீட்டையும் பாருங்கள். 20 பேர், மாதம் 5,000. மூன்றாம் மாதமே 25,000 தள்ளி 75,000-க்குச் சீட்டை எடுப்பவர், பணத்தை முன்கூட்டியே வாங்கியதற்கு விலை கொடுக்கிறார். கமிஷன் போக மீதி எல்லோருக்கும் பிரிகிறது. கடைசி வரை காத்திருப்பவருக்கு அதுதான் வருமானம். அம்மா சீட்டு கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இது சட்டென்று புரிகிறது. கடன் பத்திரத்தின் விலைக்கும் நிகர நிகழ்மதிப்புக்கும் (பின்னால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பில் போட்ட முதலைக் கழித்தால் வருவது) அடியில் இருப்பது இதே கணக்குதான். இங்கிருந்து அங்கே போவது எளிது. சூத்திரத்திலிருந்து இறங்கி வருவதுதான் சிரமம்.

அடுத்தது இடர். மாதம் 10 சதவீதம் தருகிறோம் என்பவரிடம் போட்ட லட்சம், கூட்டு வட்டியில் ஓராண்டில் மூன்று லட்சத்தைத் தாண்ட வேண்டும். அவ்வளவு சம்பாதிக்கும் தொழில் கையில் இருந்தால், பல மடங்கு குறைந்த வட்டிக்கு வங்கியிடமே வாங்கியிருப்பாரே, நம்மிடம் ஏன் வருகிறார்? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய மாணவன் தன் வீட்டுச் சேமிப்பையும் காப்பாற்றுவான். லாபம் வேறு, கையில் வரும் ரொக்கம் வேறு என்பதையும் இதோடு சேர்த்துவிடலாம். அதற்கு இரண்டு வகுப்பு போதும்.

முதல் அலகு முழுவதையும் இவற்றுக்கே கொடுங்கள். வரையறைகள் பின்னால் வரட்டும். தேர்விலும் ஒரு கடன் விவரத் தாளை அப்படியே அச்சிட்டு, இந்தக் கடனை வாங்கலாமா, காரணம் என்ன என்று 10 மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். வினாத்தாள் மாறினால் வகுப்பறையும் மாறிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வணிகவியல் ஆசிரியர்