பூண்டுப்பால் மாத்திரைக்குப் பதில் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானல் மலைப்பூண்டின் ஆன்டிஆக்ஸிடன்ட் சத்துகள் பற்றி உங்கள் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூம்பாறையில் மாமனார் காலத்திலிருந்து பூண்டு போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் பூண்டை நாலு பேர் புகழ்ந்தால் சந்தோஷம்தான். கந்தகச் சேர்மங்களும் பீனால்களும் இதில் கூடுதல் என்று சொல்லித்தான் 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் தினம் நாலு பல் சாப்பிட்டால் பிரஷருக்கு வேறு மருந்தே வேண்டாம் என்கிற தோரணையில் நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்களிடம் வழக்கமாகப் பூண்டு வாங்கும் மதுரை அம்மா ஒருவர் போன மாதம் வந்தார். "பூண்டுப்பால் குடிக்கிறேன்மா, பிரஷர் மாத்திரையை விட்டுட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. முதலில் டாக்டரைப் பாருங்கள், அப்புறம் பூண்டு வாங்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் முழுப் பல்லை அப்படியே கொதிக்கும் பாலில் போடுகிறாராம். பூண்டின் மருந்துக் குணத்துக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படும் கந்தகச் சேர்மம் அல்லிசின். அது பூண்டுக்குள் தயாராக இருப்பதில்லை. அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் பல்லுக்குள் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. மூக்கில் ஏறும் அந்த நெடி அதனுடையதுதான். நசுக்காமல் வேகவைத்தால் சூட்டில் நொதி செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டு அடுப்பில் ஏற்றினால் கொஞ்சமாவது பலன் மிஞ்சும். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கும்போது என் மாமியார் பூண்டைத் தட்டி வைத்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பார். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

சோதனைக் குழாயில் ஒரு சாறு நன்றாக வேலை செய்தால், செரித்து ரத்தத்தில் கலந்த பிறகும் அப்படியே வேலை செய்யும் என்று ஆகிவிடாது. பூண்டு ரத்த அழுத்தத்தை ஓரளவு குறைப்பதாக மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இருக்கின்றன. அதற்காக மாத்திரையை நிறுத்தலாமா?

நாங்கள் புகை மூட்டிப் பக்குவமாக வைத்திருந்து விற்கும் பொருள் இது. அதை நம்பி ஒருவர் உடம்பைக் கெடுத்துக்கொண்டால் எங்களால் தாங்க முடியாது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் பூண்டை மருந்தாக அதிகம் சாப்பிடக் கூடாது. ரத்தக் கசிவு கூடலாம். இதைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பூண்டு விவசாயி ஒருத்தி,
பூம்பாறை, கொடைக்கானல்.